ஓடையில் மரம் கிடக்கட்டும்
சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களுக்கு ஆற்றை மீட்பது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில் எங்கள் நிலத்தின் ஊடே ஓர் ஓடை போகிறது. அதில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. கடலிலிருந்து முட்டையிடச் சால்மன் ஏறி வர வழி அடைபடுமே, இழுத்துப் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள். 1950களிலிருந்து 1970கள் வரை அரசுத் துறைகளும் இப்படி நினைத்துத்தான் கட்டைகளை வாரி வெளியே போட்டன. ஓடைகள் வெறும் வாய்க்கால்களாகிப் போயின. இன்று அதே ஓடைகளுக்கு ஹெலிகாப்டரில் மரம் கொண்டுவந்து போடுகிறார்கள்.

கட்டையில் மோதும் வெள்ளம் கீழே பாய்ந்து மடுவைத் தோண்டுகிறது. வேகம் தணியும் இடத்தில் சரளை படிகிறது. சரளையில் தாய்மீன் முட்டையிடும், மடுவில் குஞ்சு ஒதுங்கும். கோஹோ என்ற சால்மன் வகையின் குஞ்சு ஓராண்டுக்கு மேலும், ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ டிரவுட்) குஞ்சு பெரும்பாலும் இரண்டு ஆண்டும் ஆற்றிலேயே வளர்பவை. குளிர்கால வெள்ளத்தில் ஒதுங்க இடமில்லையென்றால் வளருமுன்பே அடித்துக்கொண்டு போய்விடும்.

புதிதாக மரம் போடுவதென்றால் நீளம்தான் முக்கியம். கரை நிரம்பி ஓடும்போது ஓடை எவ்வளவு அகலமோ அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம், வேர்த்தூரோடு வேண்டும். தூர் இல்லாத மரமானால் இரண்டு மடங்கு. 20 அடி ஓடைக்குத் தூரோடு 30 அடி. இதற்குக் குறைந்தால் முதல் பெருவெள்ளத்திலேயே மிதந்து போய்க் கீழே உள்ள பாலத்தில் அடைத்துக்கொள்ளும். டக்ளஸ் ஃபிர், செஞ்சீடர் பல்லாண்டு தாங்கும். ஆல்டர் சீக்கிரம் மக்கிவிடும். மாநில மீன், வனவிலங்குத் துறையின் அனுமதி இல்லாமல் எதையும் செய்யாதீர்கள். எந்த மாதங்களில் நீரில் இறங்கலாம் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

கேள்வி: கிழக்கு ஒரேகனில் உள்ள எங்கள் ஓடை ஓர் ஆள் ஆழத்துக்கு அரித்து இறங்கிவிட்டது. கோடையில் நீர் சூடாகிறது. பெரிய இயந்திரம் இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஓடையில் மரக்கிளைகளால் அணை கட்டும் பீவர் என்ற கொறிவிலங்கைப் போல நாமே கட்டுவதுதான் வழி. ஜான் டே ஆற்றுப்படுகையில் பிரிட்ஜ் கிரீக் என்ற ஓடையில் 2009 முதல் இப்படிக் கட்டினார்கள். ஸ்டீல்ஹெட் குஞ்சுகளின் எண்ணிக்கையும் உயிர் பிழைக்கும் விகிதமும் கூடியதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரிய மீன்கள் ஏறுவதற்கு அணைகள் தடையாக இருக்கவில்லை.

மூன்று, நான்கு அங்குலக் கனமுள்ள, ரசாயனம் ஏற்றாத மரக்கம்பங்களை ஓடைக்குக் குறுக்கே ஒன்று, ஒன்றரை அடிக்கு ஒன்றாக அடியுங்கள். மண்ணுக்குள் மூன்று அடியாவது இறங்க வேண்டும். கையடக்க ஹைட்ராலிக் கருவி போதும். கூடை முடைவதுபோல வில்லோ மரக் கிளைகளைக் கம்பங்களுக்கிடையே பின்னி, மேல்நீர்ப் பக்கம் அடியில் கல், புல்கட்டி, சேறு என்று அடைத்து வாருங்கள். சொட்டு நீர்கூடக் கசியாமல் அடைக்க வேண்டியதில்லை. கசிவு மீனுக்கு நல்லதுதான்.

பெரும்பாலோர் தவறுவது அணையின் கீழ்ப்பக்கத்தில். வழிந்து விழும் நீர் அடியைப் பறித்துக் கம்பத்தைச் சாய்த்துவிடும். விழும் இடத்தில் கிளைகளை மெத்தைபோலப் பரப்புங்கள். ஓர் அணையில் நீர்மட்டம் ஒரு அடிக்குமேல் விழாதபடி பார்த்துக்கொண்டு, அடுத்தடுத்து மூன்று நான்காகக் கட்டுங்கள். கீழணையின் தேக்கம் மேலணையின் காலைக் காக்கும். தனியணை நிலைப்பது அரிது. நீர் ஓரமாகச் சுற்றிக் கரையை அரித்தால் பதற வேண்டாம். அந்த மண்தான் பள்ளத்தை நிரப்பி ஓடையை மேலே தூக்குகிறது. வீடோ சாலையோ அந்தப் பக்கம் இருந்தால் மட்டும் அங்கே கட்டாதீர்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பழுது பார்க்க வேண்டும், பீவர் வந்து பொறுப்பை ஏற்கும்வரை.

கேள்வி: அணைக்கட்டுக்குக் கீழே முட்டையிடச் சரளை கொட்டினோம். ஓரிரு ஆண்டுகளில் காணோம். ஏன்?

பதில்: ஆறு அதைக் கீழே கொண்டுபோய்விட்டது, புதுச் சரளையை அணை விடுவதில்லை. ஆகவே திரும்பத் திரும்பக் கொட்டத்தான் வேண்டும். கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோ ஆற்றில் கெஸ்விக் அணைக்குக் கீழே அப்படித்தான் செய்கிறார்கள். அரை அங்குலம் முதல் நான்கு அங்குலம் வரை கலந்த, கழுவிய, உருண்டையான ஆற்றுக்கற்கள் வேண்டும். உடைத்த ஜல்லி ஆகாது. கற்களின் இடுக்கில் நீர் ஓடினால்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். பொடிமணல் அடைத்தால் முட்டை மூச்சுத் திணறும், பொரித்த குஞ்சும் மேலே வர முடியாது. ஆகவே கல் வாங்குமுன் மேலே எந்த மண்சாலை, எந்த மாட்டுத்தடம் சேற்றை அனுப்புகிறது என்று பாருங்கள். ஸ்டீல்ஹெட் வசந்தத்தில் முட்டையிடுவது. கோடைத் தொடக்கத்திலும் முட்டைகள் கல்லுக்குள் இருக்கும்; படுகையில் நடக்காதீர்கள்.

கேள்வி: சாலைக்கு அடியில் போகும் குழாயில் சால்மன் ஏறுமா என்று எப்படி அறிவது?

பதில்: குழாயின் வெளிவாயில் நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்று அளந்து பாருங்கள். வாஷிங்டன் மாநில அளவுகோலில் 24 சென்டிமீட்டரைத் தாண்டினால் தடை. மாற்றிப் போடுவதென்றால், கரை நிரம்பிய அகலத்தை 1.2 ஆல் பெருக்கி இரண்டு அடி கூட்டுங்கள். 10 அடி ஓடைக்கு 14 அடி அகலம். உள்ளேயும் ஓடைப்படுகை தொடர வேண்டும்.

கேள்வி: சியாட்டில் ஓடையில் மழைக்குப் பின் கோஹோக்கள் வயிறு நிறைய முட்டையோடு செத்துக் கிடந்தன. நீர் தெளிவாகத்தானே இருந்தது?

பதில்: டயர் தேயும்போது உதிரும் துகளிலிருந்து 6பிபிடி-குயினோன் என்ற நஞ்சு மழைநீரில் சேர்கிறது. அதுதான் காரணம் என்று 2020இல் கண்டறிந்தார்கள். கோஹோவைச் சில மணி நேரத்தில் கொல்லும், ‘சம்’ என்ற இன்னொரு சால்மன் வகையை அவ்வளவாகப் பாதிக்காது. கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் இத்தனை காலம் ஏமாந்தோம். ஓடைக்குள் மரமும் சரளையும் போட்டு இதைத் தீர்க்க முடியாது. சாலைநீரை ஓடையில் விழுமுன் 60 பங்கு மணலும் 40 பங்கு கம்போஸ்ட் உரமும் கலந்த படுகை வழியே வடிய விடுங்கள். கோஹோ பிழைத்துக்கொள்கிறது.

கேள்வி: நிழலுக்காகக் கரையில் வில்லோப் போத்து நட்டோம். கோடையில் எல்லாம் பட்டுப்போயிற்று.

பதில்: போத்தின் அடி கோடைக்கால நிலத்தடி நீரைத் தொடவில்லை. இலையுதிர்ந்த பிறகு, துளிர்க்குமுன் வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி, ஈரம் தட்டும்வரை இறக்குங்கள். மொட்டு மேல்நோக்கி இருக்கட்டும். சுற்றிலும் கேனரிப் புல் மூடினால் காகித அட்டை விரித்து அடக்குங்கள். மான் மேயும் இடமானால் கம்பிவலை கட்டாயம்.