“அம்மாகிட்ட கொடுக்கிறேன்”

வணக்கம். எனக்கு 71 வயது. மனைவி இறந்து 14 மாதம் ஆகிறது. சாயங்காலம் ஆனால் அவளிடம் வாய்விட்டே பேசுகிறேன். அன்று நடந்ததையெல்லாம் சொல்வேன். ஒருநாள் மகள் பார்த்துவிட்டாள். துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டாம். ஒரு வருஷம் தாண்டியும் நான் கடைசிப் படிக்கு வரவில்லையாம். டாக்டரைப் பார்க்கலாம் என்கிறாள். என் வேலைகளை நானே செய்துகொள்கிறேன், தூக்கமும் பரவாயில்லை. போன வாரம் பேரன் ஏதோ சொல்ல விழுந்து விழுந்து சிரித்தேன். ராத்திரி படுத்தால் அதுவே உறுத்தியது. பிள்ளைகள் தினமும் போன் செய்கிறார்கள், ஒரு நிமிஷத்துக்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. மகன் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். எனக்கு என்னதான் கோளாறு?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள ஐயா,

முதலில் அந்த ஐந்து படிகள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதியது அது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. அவர் உட்கார்ந்து பேசியது சாகக் கிடந்த நோயாளிகளிடம். தங்கள் சாவை அவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதுதான் விஷயம். பிறகுதான் அது இருப்பவர்களின் துக்கத்துக்கும் அளவுகோலாகிவிட்டது. ஆகவே நீங்கள் எந்தப் படியிலும் தேங்கி நிற்கவில்லை.

ஒரு வருஷக் கணக்கும் மகள் சும்மா சொன்னதல்ல. நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022-இல் சேர்த்துக்கொண்டது. பெரியவர்களுக்கு 12 மாதம் என்பது அதில் ஒரு நிபந்தனை. ஆனால் மாதம் கடந்தால் மட்டும் போதாது. அநேகமாக எல்லா நாளும் தாங்கமுடியாத ஏக்கமோ போனவரைப் பற்றிய நினைப்போ, அதோடு அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிற அளவுக்கு வேதனையோ முடக்கமோ எல்லாம் கூடவே இருக்கவேண்டும். தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு, தூங்கி எழுந்து, பேரனோடு சிரிக்கிறவரை அதில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நான் மருத்துவன் அல்ல. மகள் நிம்மதிக்காக ஒருமுறை போய்வந்தாலும் நஷ்டமில்லை.

சிரித்ததற்கு உறுத்தல் வேண்டாம். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் ஒன்றைச் சொன்னார்கள். துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், பிழைப்பின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறிமாறித்தான் இருப்பார், அப்படி இருப்பதுதான் ஆரோக்கியம் என்று. பகலில் பேரனும் சாயங்காலம் மனைவியுமாக நீங்கள் செய்துகொண்டிருப்பது அதுதான். பேசுங்கள் ஐயா. ஐம்பது வருஷப் பழக்கமோ நாற்பது வருஷப் பழக்கமோ, அதற்கு ஏன் கெடு வைக்கவேண்டும்?

என்னை நிறுத்தியது உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்த வரி. ஒரு நிமிஷத்துக்கு மேல் பேச்சு ஓடுவதில்லை என்கிறீர்கள். உங்களைக் கேட்கிறேன், முன்பு மட்டும் ஓடியதா? நம் தலைமுறை அப்பாக்கள் பலர் போனை எடுத்தால் “நல்லா இருக்கியா? இரு, அம்மாகிட்ட கொடுக்கிறேன்” என்பார்கள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் அந்தப் பக்கம் பேச்சு நடக்கும். மருமகளின் முதுகுவலி, பேரனின் பரீட்சை, ஆபீசில் மகனுக்கு ஒத்துவராத மேலதிகாரி என்று எல்லாம் அம்மா காதுக்குப் போய், அதில் நமக்குத் தெரியவேண்டியதை மட்டும் அவர் வடிகட்டிச் சொல்வார். பிள்ளைகளோடு நெருக்கமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நெருக்கத்தை நடத்திக்கொண்டிருந்தவர் அவர். இப்போது போனைக் கொடுக்க ஆள் இல்லை. “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்பதற்கு இரண்டு ஆமாம் சொன்னால் முடிந்தது.

மனைவி போனதோடு, அவர் செய்துவந்த இந்த வேலையும் நின்றுபோயிருக்கிறது. அதை எடுத்துச் செய்ய இனி நீங்கள்தான். வயதானவர்களுக்குப் புத்தகம், நடைப்பயிற்சி, தியானம் என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள், எல்லாம் நல்லதுதான். எனக்கு இது முந்தியது. கேள்வி கேட்கப் பழகவேண்டும், கேட்டதை ஞாபகம் வைக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை மகன் ஏதோ முக்கியமான மீட்டிங் என்றால் புதன்கிழமை நீங்களே கூப்பிட்டு என்னாயிற்று என்று கேளுங்கள். ஞாபகம் நிற்காவிட்டால் டைரியில் குறித்துவையுங்கள், அதில் வெட்கம் இல்லை. முதலில் செயற்கையாகத்தான் இருக்கும். “என்னப்பா திடீர்னு?” என்றுகூடக் கேட்பார்கள்.

மகளிடமிருந்தே ஆரம்பிக்கலாம். அம்மாவிடம் தினமும் என்ன பேசுவாய் என்று கேளுங்கள். உங்களை டாக்டரிடம் அழைக்கிற அவளுக்கும் அம்மா போய் 14 மாதம்தான் ஆகிறது. அவள் யாரிடம் பேசுகிறாள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

வீடு விற்பதற்கு இப்போது அவசரம் காட்டாதீர்கள். விற்றால் திரும்பிவராது. மகன் வீட்டில் இரண்டு மூன்று மாதம் இருந்து பாருங்கள். பூட்டிய வீட்டின் சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.