ஸ்கேன் நார்மல், ஆனாலும் தலைவலி: எச்.ஐ.வி. கேள்வி பதில்

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் சிலர் சந்தேகம் கேட்டிருந்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்பவர்கள் தயவுசெய்து சிடி4 எண்ணையும் (நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, குறைந்தால் ஆபத்து) சேர்த்து எழுதுங்கள். எந்த நோயைத் தேடுவது என்பதில் பாதியை அந்த எண்ணே சொல்லிவிடும்.

கேள்வி: அண்ணனுக்குப் போன மாதம்தான் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. சிடி4 48. மூன்று வாரமாகத் தலைவலி. காய்ச்சல் இல்லை, சி.டி. ஸ்கேனும் நார்மல். வலி மாத்திரை போதுமா?

பதில்: போதாது. இன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சிடி4 100க்குக் கீழே இருப்பவருக்கு வாரக்கணக்கில் தலைவலி என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலை. பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சுடாமலும், கழுத்து விறைக்காமலும் வரும். ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

ரத்தத்தில் 'கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென்' பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரிதான், பத்து நிமிட வேலை. அதில் பாசிட்டிவ் வந்தால் முதுகில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரை எடுத்தாக வேண்டும். அந்த ஊசியால் கால் விளங்காமல் போய்விடும் என்று வீட்டில் யாராவது தடுப்பார்கள். ஊசி இறங்கும் இடத்துக்கு மேலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது என்று சொல்லுங்கள். நீர் எடுக்கும்போதே அதன் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். ஊசியோடு இணைத்த குழாயில் நீர் ஏறும் உயரம்தான் அளவு, அது 25 சென்டிமீட்டரைத் தாண்டினால் நீரை வடிப்பதே ஒரு சிகிச்சை. சிலருக்கு மேஜையிலிருந்து எழுவதற்குள் தலைவலி குறைந்துவிடும். அதே நீரில் காசநோயையும் தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: இந்த நோய் உறுதியானால் ஏ.ஆர்.டி. மாத்திரையை 4 முதல் 6 வாரம் தள்ளித்தான் தொடங்குவார்கள். "ஏன் தாமதம்?" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: எனக்கு சிடி4 600, வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது. இரண்டாம் வரிசை எச்.ஐ.வி. மருந்தில் (முதல் கூட்டு பலிக்காதபோது தருவது) ரிட்டோனாவிர் உண்டு. நான்கு மாதமாக முகம் உப்பி, தொட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டுகிறது, சர்க்கரையும் ஏறுகிறது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் தவிர வேறு மருந்து இல்லை.

பதில்: அந்த இன்ஹேலரில் என்ன மருந்து என்று பாருங்கள். ஃப்ளூட்டிகசோன் அல்லது புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு என்றால் பெரும்பாலும் அதுதான் காரணம். ஸ்டீராய்டைக் கல்லீரல் கரைத்து வெளியேற்றும் வழியை ரிட்டோனாவிர் அடைத்துவிடுகிறது. இழுக்கிற சொற்ப மருந்து உடம்பிலேயே தேங்கி, ஊதிப்போக வைக்கிறது. மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் இதே வேலையைச் செய்யும்.

வேடிக்கை என்னவென்றால், உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலைக் காலையில் ரத்தத்தில் பார்த்தால் தரையில் கிடக்கும். வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டால், அதைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையை நிறுத்தியிருக்கும். அதனால் நீங்களாக இன்ஹேலரை நிறுத்தவே கூடாது, மயங்கி விழும் ஆபத்து உண்டு. பெக்லோமெத்தசோன் என்ற வேறு இன்ஹேலர் ஸ்டீராய்டுக்கோ, ரிட்டோனாவிர் இல்லாத கூட்டு மருந்துக்கோ டாக்டர்தான் மாற்ற வேண்டும். இப்படி ஒருவருக்கு நானே இரண்டு மாதம் தைராய்டு தைராய்டு என்று அலைந்திருக்கிறேன். இன்ஹேலரை அவர் மருந்தாகவே எண்ணவில்லை, நானும் கேட்கவில்லை.

கேள்வி: டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரை ஆரம்பித்ததும், கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.9லிருந்து 1.1 ஆகிவிட்டது. கிட்னி போச்சா?

பதில்: இல்லை. அந்த மருந்து கிரியேட்டினின் வெளியேறுவதைச் சற்றுத் தடுக்கிறது, அவ்வளவுதான். முதல் மாதத்தில் ஏறி அங்கேயே நின்றுவிடும். மேலே மேலே போனாலோ, ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வந்தாலோ, எலும்பு வலித்தாலோ கூட்டு மருந்தில் இருக்கக்கூடிய டெனோஃபோவிரைச் சந்தேகித்து ரத்தத்தில் பாஸ்பேட் பார்க்க வேண்டும்.

கேள்வி: மணிப்பூரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சிடி4 30. காய்ச்சல், எடை குறைவு, முகத்தில் நடுவில் குழி விழுந்த பருக்கள். காசநோய் மருந்து இரண்டு மாதமாகியும் பலனில்லை.

பதில்: மணிப்பூர் என்று இங்கே பார்த்த டாக்டரிடம் சொன்னீர்களா? அந்தப் பக்கம் டாலரோமைசஸ் என்ற பூஞ்சை உண்டு. வியட்நாம், வடக்குத் தாய்லாந்திலும் உண்டு. நம் ஊரில் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. பருவைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். ரத்தத்தையும் பூஞ்சைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள். 25 டிகிரியில் வளர்த்தால் தட்டில் சிவப்புச் சாயம் கசியும். லேபுக்கு எழுதும் சீட்டில் "மணிப்பூர்" என்று கட்டாயம் குறிக்கச் சொல்லுங்கள்.