டிஸ்டோபியா நாவலின், அதாவது கொடுங்கோன்மை நிறைந்த கற்பனைச் சமூகத்தைக் காட்டும் நாவலின், கதை எந்தெந்தக் கட்டங்களாக நகர்கிறது?

தொடக்கம், மீறல், மோதல், வீழ்ச்சி அல்லது தப்பித்தல் என்பதே பொதுவான வரிசை. தொடக்கத்தில் கொடுங்கோன்மை அன்றாட வழக்கமாகவே காட்டப்படும்; நாயகனும் அதற்குப் பழகிப்போனவனாகவே இருப்பான்.

என் பார்வையில் கதையின் உயிர்நாடி மீறல்தான், அதுவும் சிறியதாக இருக்கும்போதே அழுத்தம் கூடுகிறது. 1949இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில், நாயகன் வின்ஸ்டன், வீட்டுக்குள்ளும் ஆட்களைக் கண்காணிக்கும் தொலைத்திரையின் கண்ணுக்கு எட்டாத மூலையில் அமர்ந்து, பழைய நோட்டொன்றில் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். பேனா தாளைத் தொடும் முன் அவன் தயங்கும் அந்த ஒரு கணத்திலேயே, பின்னால் வரப்போகும் காதல், கைது, சித்திரவதை அனைத்தும் அடங்கிவிடுகின்றன.

மோதலில் அரசின் முழு வலிமையும் வெளிப்படும். முடிவு வெற்றியாக இருந்தாக வேண்டியதில்லை. வின்ஸ்டன் இறுதியில் அந்தக் கொடுங்கோல் அரசின் தலைவரான பெரியண்ணனை நேசிக்கவே தொடங்கிவிடுகிறான்.