மகள் நன்னடத்தை அதிகாரி ஆகலாமா?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகள் நன்னடத்தை அதிகாரி ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். குற்றவாளிகள் பின்னால் அலைகிற வேலை பெண் பிள்ளைக்கு எதற்கு என்பது உங்கள் பயம். இது போலீஸ் வேலை இல்லை அம்மா. தென்னாப்பிரிக்காவில் இந்தப் பதவிக்குச் சமூகப்பணி படித்திருக்க வேண்டும். வேலை சமூக மேம்பாட்டுத் துறையில்.

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கைப்பேசி திருடிப் பிடிபட்டான் என்று வையுங்கள். கைதான 48 மணி நேரத்துக்குள் முதல் விசாரணை. அதற்கு முன்பே இந்த அதிகாரி அவனோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறானா, யாரோடு சுற்றுகிறான் என்று விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். வழக்கு நடத்தாமல் சீர்திருத்தப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று பரிந்துரைப்பதும் அவர்தான். ஒரு பிள்ளையின் வாழ்க்கை அந்த நாலு பக்க அறிக்கையால் திசை மாறலாம். அதனால் பொறுமையாகக் கேட்கவும் தெளிவாக எழுதவும் தெரிய வேண்டும்.

தண்டனை பெற்று வீட்டுக்காவலில் இருக்கும் பெரியவர்களைக் கண்காணிப்பது சிறைத் துறை. அதற்கு ஆள் எடுப்பதும் தனி. மகளுக்கு எதில் ஆசை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்பு நாலு வருடம். டர்பனிலேயே குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முடித்ததும் சமூகப்பணி மன்றத்தில் பதிவு செய்யாமல் வேலை பார்க்க முடியாது.

என் கவலை வேறு. பட்டம் வாங்கிவிட்டு அரசுப் பணியிடத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். நிக்ரோ போன்ற தொண்டு நிறுவனங்கள் இந்தச் சீர்திருத்தப் பயிற்சிகளை நடத்துகின்றன. முதல் வருடத்திலிருந்தே அங்கே பழகட்டும். ஓட்டுநர் உரிமம் எடுக்கட்டும். அப்புறம், சூலு மொழி. பேரனைப் பற்றி ஒரு பாட்டி தன் மொழியில் சொல்வதில் பாதிகூட ஆங்கிலத்தில் வராது. இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

சிறுவர் வழக்குகளை வெளியாள் பார்க்க முடியாது. பெரியவர்கள் வழக்கு நடக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பார்வையாளராக உட்காரலாம். இந்த விடுமுறையில் ஒரு நாள் மகளோடு நீங்களும் போங்கள். பார்த்ததை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆர்வமாக எழுதினாள் என்றால், பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் டர்பன் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக உடனே விண்ணப்பியுங்கள். கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.