குவிக்புக்ஸ் பழையதும் புதியதும் ஒரே கொம்பியூட்டரில்: கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடியிலிருந்து: சேர், கடையில் குவிக்புக்ஸ் டெஸ்க்டொப் 2018 என்ற கணக்குப் புரோகிராம் இருக்கிறது. அதே கொம்பியூட்டரில் 2021ஐயும் போட்டால் பழையது அழிந்துவிடுமா?

நீங்களாக அழிக்கச் சொன்னாலொழிய அழியாது. ஒவ்வொரு வருடத்துப் பதிப்பும் தனி ஃபோல்டரில்தான் இருக்கும். இன்ஸ்டோல் செய்யும்போது எக்ஸ்பிரஸை விட்டு கஸ்டம் வழியாகப் போங்கள். பழையதை நீக்கிவிட்டுப் போடவா, வேறு இடத்தில் போடவா என்று கேட்கும். வேறு இடம் என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

பயப்பட வேண்டியது கம்பனி ஃபைலை, அதாவது உங்கள் கடைக் கணக்கு முழுவதும் இருக்கும் ஃபைலைப் பற்றித்தான். 2018 ஃபைலை 2021இல் திறந்து, மேம்படுத்தச் சம்மதித்தால் அன்றோடு அது 2021 ஃபைல். பிறகு 2018 அதைத் திறக்காது. முன்பு எடுத்த பேக்கப்புக்குத் திரும்பலாம், ஆனால் இடையில் போட்ட பில் எல்லாவற்றையும் மறுபடி கையால் ஏற்ற வேண்டும். அதனால் டெஸ்க்டொப்பில் கிடக்கும் ஃபைலை டபுள் கிளிக் செய்யவே வேண்டாம். பெரும்பாலும் புதிய பதிப்புத்தான் எழும்பும். முதலில் புரோகிராமைத் திறவுங்கள், மேலே எந்த வருடம் என்று பாருங்கள், அப்புறம் ஃபைல் மெனுவால் போங்கள்.

மருதமுனை, கைத்தறிக் கடை: நானா, எங்கள் ஓடிட்டரிடம் 2018தான் இருக்கிறது. நான் 2021க்கு மாறலாமா?

மார்ச் 31 வரைக்குமான கணக்கை அவர் பார்த்து முடிக்கும் வரை மாற வேண்டாம், தங்கச்சி. இரண்டு பதிப்பும் உண்மையில் தேவைப்படுவது அவருக்குத்தான். ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு வருடத்து ஃபைலைக் கொண்டுவரும். அவர் 2018ஐ வைத்துக்கொண்டே 2021ஐயும் போடட்டும், பிறகு நீங்கள் மாறுங்கள்.

வாழைச்சேனை: பில் பிரிண்டரில் எழுத்து மங்கலாக வருகிறது.

பிரிண்டர் திருத்துபவரிடம் காட்டுங்கள்.

ஆரையம்பதி: ஃபைலை டபுள் கிளிக் செய்தால் தானாகச் சரியான பதிப்பில் திறக்காதா?

மேலே எழுதியிருக்கிறேன். நம்பாதீர்கள்.

அக்கரைப்பற்று, ஹார்ட்வெயார் கடை: சேர், 15% வட் போட்ட பழைய கணக்குக்கு 2018, 18% போடும் கணக்குக்கு 2021 என்று பிரித்து வைக்கலாம்தானே?

வேண்டாம். வரி வீதம் ஃபைலுக்குள் இருக்கும் ஒரு ஐட்டம். எந்தப் பதிப்பாக இருந்தாலும் அதை நீங்கள்தான் எழுதுகிறீர்கள். 2024 ஜனவரி 1இல் 18 ஆனபோது செய்ய வேண்டியிருந்தது, 18 என்று புதிய ஐட்டம் ஒன்றை உருவாக்குவது மட்டும்தான். பழைய ஐட்டத்தின் வீதத்தை மாற்றினால், பிறகு 2023 பில் ஒன்றைத் திறந்து திருத்தும்போது புதிய வீதம் புகுந்துவிட இடமுண்டு.

அதே கடை: பிரித்து வைத்தால் பழையதில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அதற்கு மூடும் திகதியும் கடவுச்சொல்லும் இருக்கிறது. 2023 டிசம்பர் 31 என்று போட்டுப் பூட்டுங்கள். கடவுச்சொல் இல்லாமல் அதற்கு முந்திய பில்லில் யாரும் கை வைக்க முடியாது.

அதே கடை: ஃபைலும் சிறிதாகுமே, வேகமாக ஓடுமே?

கொஞ்சம் வேகம் கிடைக்கலாம். ஆனால் 2023 நவம்பரில் கடனுக்குச் சீமெந்து வாங்கியவர் 2024 பெப்ரவரியில் காசு கட்டினால் எந்த ஃபைலில் பதிவீர்கள்? பில் ஒன்றில், காசு மற்றதில். அவருடைய நிலுவை இரண்டிலும் பிழைக்கும். கடனுக்கு விற்கும் கடை கணக்கை உடைக்கக் கூடாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

சம்மாந்துறை, அரிசி ஆலை: மூன்று கொம்பியூட்டரில் நெட்வேர்க். இரண்டு பதிப்பும் ஓடுமா?

ஓடும். ஃபைல் இருக்கும் கொம்பியூட்டரில் இரண்டு பதிப்பின் டேட்டாபேஸ் சேர்வரும் (ஃபைலை மற்ற மெசின்களுக்குத் திறந்து கொடுக்கும் பகுதி) இருக்க வேண்டும். பழையதை முதலில், புதியதைப் பிறகு போடுங்கள். விண்டோஸ் சேர்விஸ் பட்டியலில் 2018க்கு குவிக்புக்ஸ்டிபி28 (QuickBooksDB28), 2021க்கு குவிக்புக்ஸ்டிபி31 (QuickBooksDB31) என்று தெரியும். ஒன்று நின்றிருந்தால் அந்தப் பதிப்பின் ஃபைல் மற்ற மெசினில் திறக்காது.

கல்முனை: கிராக் செய்த 2021 போடலாமா?

முடியாது. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

காத்தான்குடி: தம்பி நேற்று டபுள் கிளிக் செய்து, கேட்டதற்கெல்லாம் ஆம் கொடுத்துவிட்டான். 2018 இப்போது திறக்க மறுக்கிறது.

இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன். சரி, பதற வேண்டாம். இனி ஒரு பில்லும் போடாமல் நிறுத்துங்கள். மேம்படுத்தும் முன் குவிக்புக்ஸ் ஒரு பேக்கப் எடுத்திருக்கும். கியூபிபி (.qbb) என்று முடியும் ஃபைலை நேற்றைய திகதியில் தேடுங்கள். 2018ஐத் திறந்து அதை வேறு பெயரில் மீட்டெடுங்கள். பழைய பெயரிலேயே மீட்டால் மேம்பட்ட ஃபைல் அழிந்துவிடும். மேம்பட்ட ஃபைலுக்குள் நேற்றுப் போட்ட பில் இருந்தால், 2021இல் அச்செடுத்து 2018இல் ஏற்றுங்கள்.