மாக்சிமிலியன் சூரியகாந்தி படுத்துவிட்டது, மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, டெக்சாஸில் டாலஸுக்குத் தெற்கே எல்லிஸ் கவுண்டியில் 8 ஏக்கர் பழைய பருத்தி நிலம் வாங்கி, அந்த மண்ணுக்கே உரிய புல்வெளியாக மாற்றப் பார்க்கிறேன். வேலியோரம் அரை ஏக்கரில் மாக்சிமிலியன் சூரியகாந்தி (வருடாவருடம் வேரிலிருந்து தழைக்கும் காட்டுச் சூரியகாந்தி) விதைத்து இது மூன்றாவது வருடம். வசந்தத்தில் உரம், கோடையில் சொட்டுநீர் எல்லாம் கொடுத்தேன். 9 அடி வளர்ந்தது, செப்டம்பர் மழையில் மொத்தமும் படுத்துவிட்டது. பக்கத்துப் பூச்செடிகளையும் அமுக்குகிறது. பொட்டாஷ் போட்டால் தண்டு கெட்டியாகும், பரவுவதற்குக் களைக்கொல்லி அடிக்கலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. சாயாமல் இருக்க வழி சுலபம். மே கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில் செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், பக்கக் கிளை விட்டுக் குட்டையாக நிற்கும், பூ கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இந்த வருடம் படுத்ததைக் கம்பு நட்டுக் கட்டாதீர்கள், படுத்தபடியே பூத்து விதை பிடிக்கும்.

ஆனால் இதற்கு உரமும் தண்ணீரும் எதற்கு என்றுதான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். உங்களுடையது பிளாக்லேண்ட் மண், நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரியே மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். அதிலிருக்கும் சத்தே இந்தச் செடிக்குத் தாராளம். அதற்கு மேல் ஊட்டினால் தண்டு நெடுநெடுவென்று இளசாக ஓடும், ஒரு மழைக்குத் தாங்காது. வேர் பிடித்த செடிக்குச் சொட்டுநீர்க் குழாயைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், புல் எங்கே? உங்கள் கடிதத்தில் ஒரு புல்லின் பெயர்கூட இல்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை. இந்தச் சூரியகாந்தி பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், லிட்டில் புளூஸ்டெம் என்று ஆழமாக வேர் விடும் புற்களோடு நெருக்கியடித்து வாழ்ந்த செடி. மண்ணுக்குள்ளே அந்த வேர்கள் போட்டிபோட்டு இதை ஓரிடத்தில் நிறுத்தும், மேலே புல் தாள்கள் இதற்கு முட்டுக்கொடுக்கும். வெறும் நிலத்தில் தனியாக விட்டால் கிழங்குவேர் ஓடத்தானே செய்யும்? குளிர்காலத்தில் பட்டை பட்டையாகக் கிழங்குவேரைத் தோண்டி எடுத்து (சாப்பிடலாம், அந்த மண்ணின் பூர்வகுடிகள் சாப்பிட்டதுதான்) அந்த இடத்தில் வசந்தத்தில் புல் விதையுங்கள். வெளி ஓரத்தைப் புல்வெட்டியால் அடிக்கடி வெட்டினால் எல்லை தாண்டாது. அகன்ற இலைக் களைக்கொல்லி அடித்தால் இதோடு நீங்கள் காப்பாற்ற நினைக்கிற பூச்செடிகளும்தான் போகும்.

பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் இன்னும் நல்லது. மாடுகளுக்கு இது மிகவும் பிடிக்கும், அளவுக்கு மீறி மேய்த்த நிலத்தில் முதலில் காணாமல் போகிற செடிகளில் இதுவும் ஒன்று. மே மாதம் மின்வேலி போட்டுச் சில நாள் மட்டும் மேயவிட்டு உடனே ஓட்டிவிடுங்கள், வெட்டும் வேலை மிச்சம்.

டப்பாவில் வருகிற ‘காட்டுப்பூக் கலவை’ பக்கமே போகாதீர்கள். பலவற்றில் காஸ்மோஸ் மாதிரி வெளியிலிருந்து வந்த ஒரு வருடச் செடிகள்தான் இருக்கும். முதல் வருடம் படம் எடுக்க அழகு, பிறகு களை காடாக மண்டும். விதை எந்த ஊரில் எடுத்தது, உயிருள்ள சுத்த விதை எத்தனை சதவீதம் என்று சீட்டில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். கேட்டால் மழுப்புகிற கடைக்காரர் உங்களுக்கு வேண்டாம். நாக்ஸ் சிட்டியில் உள்ள அரசுத் தாவர மையம் 1978-இல் வெளியிட்ட ‘ஆஸ்டெக்’ என்கிற மாக்சிமிலியன் ரகம் டெக்சாஸுக்கு ஏற்றது. வடக்கத்தி விதையை அங்கே போட்டால் சீக்கிரமே பூத்து ஓய்ந்துவிடும்.

காய்ந்த தண்டுகளைப் பிப்ரவரி கடைசிவரை விட்டுவையுங்கள், குளிர்காலத்தில் வரும் கோல்ட்ஃபின்ச் குருவிகளுக்கு அந்த விதைதான் தீனி. ஜூன் வெட்டிலும் செடிகளில் ஒரு பாதியை மட்டும் வெட்டுங்கள். வெட்டாத பாதி முதலில் பூக்கும், வெட்டியது பின்னால் தொடரும். அக்டோபரில் மெக்சிகோ நோக்கிப் போகும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் உங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன, அவற்றுக்குத் தேன் இடைவெளி இல்லாமல் கிடைக்க வேண்டும்.