குகையில் இருந்தது ஒருவனா, இருவரா? ‘அயர்ன் மேன்’ கேள்வி பதில்

2008 மே மாதம் வெளியான ‘அயர்ன் மேன்’ படத்தைப் பற்றிய சண்டை எங்கள் வட்டத்தில் இன்னும் ஓயவில்லை. பாலிடெக்னிக் பட்டறையில் பல ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவன், காமிக்ஸ் படித்தே கண்ணாடி போட்டவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. படம் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி: ஆயுத வியாபாரி டோனி ஸ்டார்க் ஆப்கானிஸ்தானில் தன் கம்பெனி குண்டாலேயே காயப்பட்டு, தீவிரவாதிகளின் குகையில் அடைக்கப்படுகிறான். அங்கேயே ஒரு கவசம் செய்து அணிந்துகொண்டு தப்பிக்கிறான்.

சார், காவலுக்கு நடுவில், குகைக்குள், பழைய இரும்பை வைத்து இப்படி ஒன்றைச் செய்ய முடியுமா? காதில் பூச்சுற்றல்தானே?

பாதிப் பூ. ஏவுகணை உறைகளை வெட்டி, உலையில் காய்ச்சி, அடித்து, தகடாக்கி, பற்றவைத்து ஒரு சட்டை செய்வது நல்ல கொல்லருக்கு முடியாத காரியமில்லை. அந்தச் சட்டையை நடக்க வைப்பதுதான் சிக்கல். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1965இல் ‘ஹார்டிமேன்’ என்ற இயந்திர உடலைச் செய்ய ஆரம்பித்தது. எடை ஏறத்தாழ 680 கிலோ. பல ஆண்டுகள் பாடுபட்டும் ஒரு கையைத்தான் ஒழுங்காக இயக்க முடிந்தது. முழு உடலையும் ஒன்றாக இயக்கினால் கட்டுக்கடங்காமல் உதறியதால், ஆளை உள்ளே வைத்து அதை ஓட்டவே இல்லை. அமெரிக்க ராணுவம் 2013இல் தொடங்கிய ‘டாலோஸ்’ கவசத் திட்டமும் 2019இல் முழுக் கவசம் இல்லாமலேயே முடிந்தது. அவர்கள் யாரும் குகையில் உட்கார்ந்து செய்யவில்லை.

யின்சென் இல்லாவிட்டால் ஸ்டார்க் முதல் நாளே செத்திருப்பான். அப்படியிருக்க மேதைப் பட்டம் ஒருவனுக்கு மட்டும் ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். குகையில் கூட இருந்த மருத்துவர் யின்சென்தான் ஸ்டார்க்கின் நெஞ்சைத் திறந்தவர், குண்டுச் சில்லுகள் இதயத்தை எட்டாமல் இருக்கக் கார் பேட்டரியில் மின்காந்தம் மாட்டி உயிரைப் பிடித்து வைத்தவர். உருக்கிய பல்லேடியத்தை அச்சில் ஊற்றும் காட்சியை மறுபடி பாருங்கள். இடுக்கி யார் கையில் இருக்கிறது? ஸ்டார்க் பதறுகிறான். தன் கை நடுங்காது என்பதால்தான் நீ உயிரோடு இருக்கிறாய் என்கிறார் யின்சென். உருகிய உலோகத்தைச் சிந்தாமல் ஊற்றுவது எத்தனை பெரிய வித்தை என்பது வார்ப்படப் பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

பிறகு என்ன ஆகிறது? ஸ்டார்க் கம்பெனியின் பங்காளியான வில்லன் ஒபடையா ஸ்டேன் தன் விஞ்ஞானியிடம் கத்துகிறான்: டோனி ஸ்டார்க் இதை ஒரு குகையில், பழைய இரும்புக் குப்பையை வைத்துச் செய்தான்! படத்தின் புகழ்பெற்ற வசனமே இதுதான். இதில் யின்சென் இல்லை. வில்லன் வாயால் அழிக்கப்பட்டவரை ரசிகர்களும் சேர்ந்து அழிக்கிறோம்.

பாத்திரம் உருவான கதையும் இதே ரகம். 1963 மார்ச் தேதியிட்ட ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ 39ஆம் இதழில் அயர்ன் மேன் அறிமுகமானபோது கரு ஸ்டான் லீயுடையது, வசனம் அவர் தம்பி லாரி லீபருடையது, உள்ளே படம் வரைந்தவர் டான் ஹெக், அட்டையில் கவசத்தை வடிவமைத்தவர் ஜாக் கிர்பி. அந்த முதல் கவசம் சாம்பல் நிறம். சிவப்பும் தங்கமுமாக மாற்றியவர் ஸ்டீவ் டிட்கோ. இத்தனை பேர் கை வைத்ததை யார் படைத்தது என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே பெயரைச் சொல்வார்கள்.

கார் பேட்டரிக்குப் பதிலாகக் குகையிலேயே செய்து நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் குட்டி மின் உலை, அந்த ஆர்க் ரியாக்டர், எத்தனை வாட்?

படத்திலேயே விடை இருக்கிறது: வினாடிக்கு 3 ஜிகாஜூல். அதாவது 3,000 மெகாவாட். 1,000 மெகாவாட் அணு உலைகள் மூன்றை ஒரு டீ கிளாஸில் அடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக ஒன்றை 15 நிமிடம் ஓட்டலாம் என்கிறான் ஸ்டார்க். 15 நிமிடத்துக்கு நம் மின்கட்டணக் கணக்கில் 7,50,000 யூனிட். மாதம் 250 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு அது 250 ஆண்டுகளுக்குக் காணும்.

அந்தக் காட்சியில் ஒரு சின்னப் பிழையும் உண்டு. இது உன் இதயத்தை 50 ஆயுள் ஓட்டுமே என்கிறார் யின்சென். இதயத்தின் வேலை ஒன்றேகால் வாட் என்று வைத்து, ஆயுளை 70 ஆண்டாகப் போட்டால் ஏறத்தாழ 1,000 ஆயுள் வருகிறது. கணக்கில் அவர் கொஞ்சம் கஞ்சம்.

எனக்கு மின்சாரத்தைவிட வெப்பம்தான் பெரிய கவலை. நூற்றுக்கு 99 பங்கு வீணாகாமல் போனாலும் மிச்சம் ஒரு பங்கு 30 மெகாவாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் முப்பதாயிரத்தை நெஞ்சில் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். ஸ்டார்க்குக்குச் சட்டைகூடக் கசங்குவதில்லை.

ஏன் பல்லேடியம்? அறிவியல் காரணம் உண்டா, பெயர் அழகாக இருக்கிறது என்று எடுத்தார்களா?

படம் காரணம் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பெயர் கேட்டதும் பழைய ஆட்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். பல்லேடியம் தன் கன அளவைப் போல் 900 மடங்கு வரை ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உலோகம். 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பான்ஸ், ஃபிளைஷ்மன் என்ற இரு வேதியியலாளர்கள், கனநீரில் பல்லேடியத் தண்டை வைத்து அறை வெப்பத்திலேயே அணுக்கரு இணைவு நடத்தியதாக அறிவித்தார்கள். உலகமே துள்ளியது. மற்றவர்கள் செய்து பார்த்தால் வரவில்லை, விஷயம் அவமானத்தில் முடிந்தது. தோற்றுப்போன அந்தக் கனவு குகையில் பலித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நான் ரசிக்கிறேன்.

கணக்குப் பிள்ளைகளுக்கு: ஒரு ஏவுகணையில் 0.15 கிராம், தேவை 1.6 கிராம், இன்னும் பதினொன்றைப் பிரி என்கிறான். பன்னிரண்டுக்கு 1.8 கிராம் வருகிறது. சரியாகத்தான் சொல்கிறான்.

உலோகச் சில்லுகளைக் காந்தம் இழுத்துப் பிடித்து வைக்குமா? பிறகு ஏன் மூன்றாம் படம் வரை அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை? நான் செவிலியர், இது என்னை உறுத்துகிறது.

உங்கள் உறுத்தல் நியாயம், சகோதரி. கண்ணுக்குள் போன இரும்புத் துகளை மின்காந்தத்தால் இழுத்து எடுப்பது பழைய வைத்தியம். பெர்லினில் ஹிர்ஷ்பெர்க் 1879இலேயே செய்திருக்கிறார். ஆனால் வெளியே எடுப்பது வேறு, மாதக்கணக்கில் உள்ளேயே நிறுத்தி வைப்பது வேறு. காந்தத்துக்கு மசிய அது இரும்பாகவும் இருக்க வேண்டும், ஈயமும் செம்பும் திரும்பிக்கூடப் பார்க்காது. பெரும்பாலான சில்லுகளைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து அவை இருந்த இடத்திலேயே தங்கிவிடும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 2013இல் வந்த மூன்றாம் படத்தில் ஒரே அறுவை சிகிச்சையில் எடுத்துவிடுகிறார்கள். முன்பே எடுத்திருந்தால் சுவரொட்டியில் நெஞ்சு எப்படி ஒளிரும்?

கவசம் போட்டிருந்தால் வானத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கலாமா?

முடியாது. குகையிலிருந்து பறந்து மணலில் விழுகிறானே, அதை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 108 கிலோமீட்டரில் வந்து அரை மீட்டர் மணலுக்குள் நின்றால் உடல் மீது ஏறத்தாழ 90 ஜி, அதாவது சொந்த எடையைப் போல் 90 மடங்கு விசை. 1954இல் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு 46 ஜி வரை தாங்கினார். அதற்கே கண்ணில் ரத்தம் கட்டி, சிறிது நேரம் பார்வை போயிற்று. தகடு வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்கும், மண்டை ஓட்டுக்குள் மூளை போய் மோதுவதைத் தடுக்காது. தகர டப்பாவில் முட்டையைப் போட்டு மாடியிலிருந்து எறிந்து பாருங்கள். டப்பா பிழைக்கும்.

உயரத்தில் கவசம் பனிக்கட்டி பிடிப்பதும், தங்க டைட்டானியம் கலவையால் அது சரியாவதும் உண்மையா?

கதைக்கு அற்புதம், இயற்பியலுக்கு ஆகாது. விமானத்தில் பனி பிடிப்பது பெரும்பாலும் மேகத்துக்குள். உறையும் நிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரியும் நீர்த்துளிகள் இறக்கையில் பட்டதும் கட்டியாகும். ஸ்டார்க் விரட்டும் 85,000 அடி உயரத்தில் காற்றே மெலிந்து, ஈரப்பசை இல்லாமல் கிடக்கும். பனியை விரட்ட விமானங்கள் பயன்படுத்துவதும் உலோகக் கலவையை அல்ல, என்ஜினின் சூடான காற்றை.

ஸ்டார்க்கின் கணினி உதவியாளன் ஜார்விஸ் சொல்லும் 85,000 அடியும் எஸ்ஆர்-71 என்ற அமெரிக்க உளவு விமானம் 1976இல் மட்டமாகப் பறந்து வைத்த சாதனைதான். 1977இல் சோவியத்தின் மிக்-25 போர் விமானம் செங்குத்தாகப் பாய்ந்து 37,650 மீட்டரைத் தொட்டுவிட்டது. அடியில் சொன்னால் 1,23,000க்கும் மேல்.

தங்க டைட்டானியத்தை மட்டும் கேலி செய்யாதீர்கள். மூன்று பங்கு டைட்டானியம், ஒரு பங்கு தங்கம் சேர்ந்த சேர்மம் டைட்டானியத்தைவிட நான்கு மடங்கு கடினமானது என்று ரைஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் கண்டார்கள். படம் வந்து எட்டு ஆண்டு கழித்து!

அந்தப் பனியை நான் மன்னிக்க வேறு காரணம் உண்டு. சோதனையில் தோற்றதைக் குறித்து வைத்துக்கொண்டவன் ஸ்டார்க், வடிவத்தைத் திருடியவன் ஸ்டேன். கடைசிச் சண்டையில் உயரே போனதும் ஸ்டேன் உறைந்து விழுகிறான். திருட்டில் தோல்வி அனுபவம் சேர்ந்து வருவதில்லை.

ஸ்டார்க் என்றாலே ஈலான் மஸ்க்தான் என்கிறான் என் நண்பன்.

1963இல் பிறந்த பாத்திரத்துக்கு 1971இல் பிறந்தவர் மூலமாக முடியாது. இரண்டாம் படத்தில் மஸ்க் சில வினாடிகள் தலைகாட்டுகிறார், அவ்வளவே. ஸ்டான் லீ மனதில் இருந்தவர் ஹோவர்ட் ஹியூஸ்: விமானி, சினிமாக்காரர், கோடீஸ்வரர். 1938இல் 91 மணி நேரத்தில் உலகைச் சுற்றினார். மரத்தால் அவர் செய்த ராட்சத விமானம் 1947இல் ஒரே ஒரு முறை பறந்தது.

குண்டு விற்றுப் பணம் சேர்த்தவனை நாயகன் என்று கொண்டாடலாமா ஐயா?

போரை வெறுத்த இளைஞர்களுக்கு ஓர் ஆயுத வியாபாரியைப் பிடிக்க வைக்க முடியுமா பார்ப்போம் என்ற சவாலாகவே அவனைப் படைத்ததாக ஸ்டான் லீ சொல்லியிருக்கிறார். 1963 காமிக்ஸில் அவன் சிறைப்பட்ட இடம் வியட்நாம், 2008 படத்தில் ஆப்கானிஸ்தான். படப்பிடிப்புக்கு அமெரிக்க ராணுவம் ஒத்துழைத்தது, எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்திலேயே படமெடுத்தார்கள். அதனாலோ என்னவோ, எல்லாக் குற்றமும் கடைசியில் ஸ்டேன் என்ற ஒற்றை ஆள் தலையில் கட்டப்படுகிறது. ஆயுதங்கள் திருட்டுத்தனமாக விற்கப்பட்டதுதான் தவறாம், செய்யப்பட்டது அல்ல. இதில் படம் மலிவாகத் தப்பிக்கிறது.

2018இல் வந்த நானோ கவசம்தான் சிறந்தது என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?

மாட்டேன். நெஞ்சைத் தட்டினால் வேண்டியதெல்லாம் முளைக்கும் என்றால் அது கற்பக மரம், பொறியியல் இல்லை. முதல் படத்தில் 10 சதவீத விசை கொடுத்துப் பார்த்து, சுவரில் போய் அடிபட்டு, மறுமுறை 1 சதவீதத்துக்கு இறங்குகிறானே, அந்த இறக்கத்தில்தான் ஸ்டார்க்கை எனக்குப் பிடித்தது. தீயணைப்பானோடு காத்திருக்கும் அந்த மக்கு இயந்திரக் கையையும்.

என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளி மாறுவேடப் போட்டிக்கு நெஞ்சில் ஒளிரும் விளக்கு வேண்டுமாம். எளிதாகச் செய்ய வழி உண்டா அண்ணா?

உண்டு, அம்மா. வெண்ணீல எல்இடி ஒன்று, 100 ஓம் மின்தடை ஒன்று, சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ பேட்டரி மூன்று. எல்லாவற்றையும் வரிசையாக இணையுங்கள். எல்இடியின் நீளமான கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் வர வேண்டும். எரியாவிட்டால் கால்களை மாற்றிப் பாருங்கள். மேலே தயிர் டப்பாவின் வெள்ளை மூடியை ஒட்டினால் ஒளி பரவும். பேட்டரிப் பெட்டியை நெஞ்சில் கட்டாமல் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள்.

கடையில் சின்னதாக இருக்கிறதே என்று பட்டன் பேட்டரி விளக்கு வாங்க வேண்டாம். வீட்டில் குட்டித் தம்பியோ தங்கையோ அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். பற்றவைப்பை நீங்கள் செய்யுங்கள், கம்பியை அவன் பிடித்துக்கொள்ளட்டும். போட்டியில் யார் செய்தது என்று கேட்டால் இரண்டு பேரையும் சொல்லச் சொல்லுங்கள்.